238-வது மூளையைத் தயாரிப்பது எப்படி?

2024 ஜூன் மாதம் ‘பிளாஸ் மென்டல் ஹெல்த்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மேக்ஸ் சாங், ஐரீன் லீ. இணையத்துக்கு அடிமையானவர்கள் என்று முறைப்படி கண்டறியப்பட்ட 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் மூளையை எஃப்எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்த ஆய்வுகள், 2013 முதல் 2023 வரை என்னென்ன வந்திருக்கின்றன என்று சல்லடை போட்டுத் தேடினார்கள். தேறியவை 12. பன்னிரண்டையும் கூட்டினால் பிள்ளைகள் 237 பேர். சீனப் பிள்ளைகள், கொரியப் பிள்ளைகள், இந்தோனேசியப் பிள்ளைகள். நம் பக்கத்திலிருந்து ஒரு தலைகூட இல்லை.

ஓசூர்க்காரர்களுக்கு இது கௌரவப் பிரச்சினை. மோட்டார் சைக்கிள் என்றால் நாம், லாரி என்றால் நாம், கைக்கடிகாரம் என்றால் நாம், பிப்ரவரி 14-க்கு விமானம் ஏறும் ரோஜா என்றாலும் நாம்தான். ஐபோனின் பாகங்களே நம் மாவட்டத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் உருவாகின்றன. போனைச் செய்யத் தெரிந்த மாவட்டத்துக்கு, போனால் கெட்ட ஒரு மூளையைச் செய்து அனுப்பத் தெரியாதா? அந்த 238-வது மூளை நம் ஓசூரின் எல்லையோர ஜூஜுவாடியிலிருந்து போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்படுகிறது இந்தக் குறிப்பு. அப்பா, அம்மா, பாட்டி, வாத்தியார், வார்டு கவுன்சிலர் என்று எல்லோருக்கும் இதில் வேலை உண்டு. பிள்ளைக்கு மட்டும் அதிக வேலை இல்லை. அவன் இருந்த இடத்தில் இருந்தால் போதும்.

ஏன் ஜூஜுவாடி?

இதைவிடத் தோதான மண் கிடைக்காது. தமிழ்நாடு இங்கே முடிகிறது. சோதனைச்சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை இரண்டாக வகுந்துகொண்டு போகிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன் பின்னால் கம்பெனிகள் வந்தன. கம்பெனிகளின் பின்னால் தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்காக லைன் வீடுகள் வந்தன. லைன் வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் குழாய். ஓடி விளையாட அங்கே இடம் கிடையாது. உட்கார்ந்து விளையாட உண்டு. நமக்கு வேண்டியதும் அதுதான்.

மொழி வசதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கடையில் உருது, பக்கத்து அறையில் இந்தி. மதுரைப் பிள்ளைக்குத் தமிழ் ரீல்ஸ் அலுத்தால் போனைக் கீழே வைத்துவிடுவான். ஜூஜுவாடிப் பிள்ளைக்கு அலுப்பதற்குள் இன்னும் நான்கு மொழிகள் பாக்கி இருக்கும். டவரும் அப்படியே. ஒருகாலத்தில் மாடியில் நின்று பேசினால் போன் தானாகக் கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் காசைத் தின்றுவிடும் என்று பயந்தோம். அந்தப் பயமும் போயிற்று. இரண்டு மாநிலங்கள் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு சிக்னல் கொடுக்கும் ஊர் இது.

முதல் படி: போனை வீட்டுக்குள் கொண்டுவருதல்

இதில் நீங்கள் மெனக்கெட வேண்டாம், வேலை முடிந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்கு முன் ஒரு ஜிபி டேட்டாவுக்கு ஏறக்குறைய 250 ரூபாய் கொடுத்து, அதை மாதம் முழுக்கக் கஞ்சத்தனமாகச் செலவு செய்த சமூகம், ஒரே நாளில் ஒரு ஜிபியைத் தீர்த்துவிட்டு இரவு 12 மணிக்குப் புது ஜிபி வருவதற்காக விழித்திருக்கப் பழகியது.

மீதியைக் கொரோனா செய்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அந்த இடைவெளியில் ஆன்லைன் கிளாஸுக்குப் போன் வாங்கித் தராத அப்பா பொறுப்பில்லாத அப்பா. இப்போது வாங்கித் தந்த அப்பா பொறுப்பில்லாத அப்பா. ஆள் ஒருவர்தான், பட்டம்தான் மாறியது.

கிளாஸ் பள்ளிக்குத் திரும்பிவிட்டது. வாட்ஸ்அப் குரூப் திரும்பவில்லை. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, நாளை மழை விடுமுறையா என்பது வரை எல்லாம் அதில்தான் வருகிறது. ஆகவே எந்த நேரத்தில் போனைக் கேட்டாலும் பிள்ளையிடம் நியாயமான பதில் தயாராக இருக்கும்.

“டேய், போன குடுடா.”

“மிஸ் குரூப்ல ஏதோ போட்டிருக்காங்கம்மா. பாத்துட்டுத் தரேன்.”

அந்தப் ‘பாத்துட்டு’ இரவு 11 மணி வரை நீளலாம். அவன் சொன்னது பொய்யும் இல்லை. மிஸ் ஏதோ போட்டுத்தான் இருந்தார்.

இரண்டாம் படி: வீட்டைக் காலி செய்தல்

செய்முறையில் முக்கியமான பாகம் இது, நிதானமாகப் படிக்கவும். ஒரு பிள்ளை நாள் முழுக்கப் போனைப் பார்க்க வேண்டுமென்றால், அவன் பார்ப்பதற்கு வேறு முகம் வீட்டில் இருக்கக் கூடாது. மற்ற ஊர்களில் இதற்குப் பணக்காரராக இருக்க வேண்டும். நம் ஊரில் ஷிஃப்ட் போதும்.

பொதுவான கணக்கு இப்படி. காலை 6 மணி முதல் 2 மணி வரை ஒரு ஷிஃப்ட், 2 முதல் இரவு 10 வரை இன்னொன்று, 10 முதல் காலை 6 வரை நைட். வாரத்துக்கு வாரம் மாறும். அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட் என்றால் பள்ளி விட்டு வரும்போது அவர் வீட்டில் இல்லை. அவர் வரும்போது பிள்ளை போர்வைக்குள் இருப்பான். நைட் ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார், ஆனால் தூங்கிக்கொண்டு. ஒற்றை அறை வீட்டில் தூங்குகிற அப்பாவை எழுப்பாமல் ஒரு 13 வயதுப் பையனை வைத்திருக்க உலகத்தில் ஒரே வழிதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. காதில் இயர்போன், கையில் போன். “அப்பா தூங்கறாரு, சத்தம் போடாத, இந்தா” என்று அதை எடுத்துக் கொடுப்பது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் பாவம், காண்ட்ராக்ட் வேலைக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. பல கம்பெனிகளில் வேலை நடக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுப் போக வேண்டும். எட்டு மணி நேரம் போனைத் தொடாமல் ஒரு மனிதர் வேலை செய்கிறார், கைகால் நடுங்கவில்லை, கம்பெனியும் ஓடுகிறது. அதே மனிதர் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் தலையைக் குனிகிறார். வீட்டு வாசலில்தான் நிமிர்கிறார். உள்ளே வந்து பையனைப் பார்த்து, “எப்பப் பாத்தாலும் போனு!” என்கிறார். அவர் கையில் இருப்பதை அவன் பார்த்துவிட்டான் என்பதை அவர் பார்ப்பதில்லை. செய்முறைக்கு இது மிகவும் நல்லது, தினமும் தவறாமல் செய்யவும்.

மூன்றாம் படி: சாவடியில் ஆள் வருவதற்குள் சரக்கை அனுப்புதல்

இங்கே கொஞ்சம் அறிவியல் தேவைப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ‘போதும், வை’ என்று சொல்ல வேண்டியது. திட்டமிடுவதும் அடக்கிக்கொள்வதும் அதன் வேலை. அது முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயது ஆகும். ஆனால் ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்கும் பகுதி பதின்ம வயதின் தொடக்கத்திலேயே மும்முரமாகிவிடுகிறது. நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சோதனைச்சாவடி கட்டியாகிவிட்டது, தடுப்புக் கம்பமும் நட்டாகிவிட்டது. கம்பத்தை இறக்க வேண்டிய ஆளுக்கு இன்னும் போஸ்டிங் வரவில்லை. அதுவரை லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நாம் செய்ய வேண்டியது, போஸ்டிங் வருவதற்கு முன் எவ்வளவு லாரிகளை அனுப்ப முடியுமோ அவ்வளவையும் அனுப்பிவிடுவது.

லாரியில் என்ன ஏற்றுவது என்பதும் முன்பே தெரிந்த விஷயம். 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று கவனித்தார். எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த சாறு வந்தால் அவை பெரிதாக அசைவதில்லை. எதிர்பாராமல் வந்தால் துள்ளுகின்றன. எதிர்பார்த்தது வராமல் போனால் சோர்ந்துவிடுகின்றன. அதற்கும் முன்பே பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதன் மறுபாதியைக் காட்டியிருந்தார். எத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்பது நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருந்தால் புறா ஓயாமல் கொத்துகிறது.

ரீல்ஸைத் தள்ளும் கட்டைவிரலைப் பாருங்கள். ஏழு வீடியோ சப்பை, எட்டாவது சிரிப்பு. பிறகு மூன்று சப்பை, நான்காவது பிரமாதம். எது எப்போது வரும் என்று தெரியாது. அதனால்தான் நிறுத்த முடியவில்லை. அடுத்த பக்கம் என்று ஒரு பட்டன் இருந்தால் அதை அழுத்துவதற்குள்ளாவது ஒரு யோசனை வரும். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே இருக்கும் திரையைக் கண்டுபிடித்து அந்தச் சிரமத்தையும் போக்கினார். பிற்பாடு அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். வருத்தத்துக்கு அப்டேட் எதுவும் வரவில்லை.

ஆகவே பையனுக்கு மனவலிமை இல்லை என்று திட்டும்போது எதிர்ப்பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கலாம். இந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அந்தப் பக்கம் அவனை இன்னும் ஒரு நிமிடம் உட்காரவைக்கச் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள். அவர்களில் சிலர் இதே சாலையில், பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

நான்காம் படி: தூக்கத்தை அகற்றுதல்

எளிய படி, ஆனால் பலன் அதிகம். பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் வழக்கத்தைவிடத் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதனால் அந்த வயதுப் பிள்ளைக்கு 9 மணிக்குத் தூக்கம் வராதது திமிர் அல்ல, உடம்பு. ஆனால் தேவைப்படும் தூக்கமோ 8 முதல் 10 மணி நேரம். இரவு 12-க்குப் படுத்து, காலை 6 மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுப்பினால் கணக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போனைத் தலையணைக்குக் கீழே வைக்க அனுமதியுங்கள். அலாரத்துக்கு என்று அவன் சொல்வான், நம்புங்கள். 100 ரூபாய் அலாரம் கடிகாரம் வாங்கித் தொலைக்காதீர்கள். அது இந்தச் செய்முறையின் முதல் எதிரி. கடிகாரத்துக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் அவன் தூங்கி விழுவான், பாடம் மறக்கும், எரிச்சல் வரும். மூன்றையும் ‘போன் மூளையைக் கெடுத்துவிட்டது’ என்ற கணக்கில் எழுதிவிடலாம். ராத்திரி தூங்கினானா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஐந்தாம் படி: மைதானம்

இதற்குத்தான் கவுன்சிலர். 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. மனையின் விலையும் மாநகராட்சி ஆனது. காலி இடம் கண்ணில் பட்டால், பிள்ளைகள் விளையாட வருவதற்குள் முளைக்கம்பு நடவும்.

ஆறாம் படி: நீங்களே மருத்துவராதல்

பிள்ளை தயாராகிவிட்டானா என்று எப்படித் தெரியும்? கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998-இல் 20 கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனையை வெளியிட்டார். நினைத்ததைவிட அதிக நேரம் இணையத்தில் இருந்துவிடுகிறீர்களா, வீட்டு வேலையைத் தள்ளிப்போடுகிறீர்களா என்ற ரீதியில் போகும். அதைத் தேடி எடுத்து, பிள்ளையை உட்காரவைத்து, குற்றவாளியை விசாரிக்கும் குரலில் கேட்கவும். கவனம்: நீங்கள் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கக் கூடாது. பெரியவர்களின் மதிப்பெண் பிள்ளையைத் தாண்டிவிடும் ஆபத்து இருக்கிறது.

இந்த நோயின் பூர்வீகத்தையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1995-இல் ஐவன் கோல்ட்பெர்க் என்ற நியூயார்க் மனநல மருத்துவர், அமெரிக்க மனநோய்க் கையேட்டைக் கிண்டல் செய்வதற்காக ‘இணைய அடிமைக் கோளாறு’ என்று ஒன்றை விளையாட்டாக எழுதினார். விரல்கள் தாமாகவே தட்டச்சு செய்வது உட்பட அறிகுறிகளையும் அந்தக் கையேட்டின் நடையிலேயே போட்டிருந்தார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். எனக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்று ஆட்கள் வந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘இணைய அடிமைத்தனம்’ என்ற பெயரில் தனி நோய் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதிப்பில் இடம்பிடித்தது ‘கேமிங் கோளாறு’ மட்டும்தான். அதற்கும் நிபந்தனை கடுமை: ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய், மற்ற எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, வாழ்க்கை தடுமாறும் நிலை பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். கோடை விடுமுறையில் பத்து நாள் ஃப்ரீ ஃபயர் ஆடியவன் இதற்குள் வரமாட்டான். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டாம்.

ஏழாம் படி: சட்டத்தை நம்பிச் சும்மா இருத்தல்

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று உட்காருவதும் ஒரு கலை. தென் கொரியா 2011-இல் ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். ஆட்டமும் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு மாறிவிட்டது. பத்து வருடத்தில் சட்டத்தைக் கைவிட்டார்கள். சீனா 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டும் என்றது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு சமூக வலைதளக் கணக்கே கூடாது என்றுவிட்டது.

நம் பக்கம் 2020 செப்டம்பரில் பப்ஜி தடை. அடுத்த ஜூலையில் அது வேறு பெயரில் வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு அரசு 2025-இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டு, 18 வயதுக்குக் கீழே ஆடவே கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டும் ஆட்டத்தையே தடை செய்தது. ரம்மியில் சம்பளத்தை விட்ட எத்தனையோ தொழிலாளிகளின் வீட்டுக்கு இது தேவைப்பட்ட சட்டம். அதில் எனக்குக் கிண்டல் இல்லை. ஆனால் ஓசியில் ஆடுகிற, ஓசியில் பார்க்கிற பையன் இந்தச் சட்டம் எதிலும் அகப்படமாட்டான். அவன் செலவழிப்பது காசு இல்லையே.

படம் எடுக்கும் முன் ஒரு இடையூறு

எல்லாப் படியும் முடிந்து பிள்ளையைக் கருவிக்குள் படுக்கவைக்கலாம் என்று போனால், அந்த 12 ஆய்வுகளை நிதானமாகப் படித்தவர்கள் சங்கடமான சில விஷயங்களைச் சொல்கிறார்கள். எஃப்எம்ஆர்ஐ எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. மூளையின் எந்தப் பகுதிக்கு ஆக்சிஜனுள்ள ரத்தம் எவ்வளவு போகிறது, எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைத்தான் காட்டும். அப்படிப் பார்த்ததில், சும்மா இருக்கும்போது இயங்கும் வலைப்பின்னலில் சில இடங்களில் இணைப்பு கூடியிருந்தது, சில இடங்களில் குறைந்திருந்தது. முடிவெடுக்கவும் கவனம் செலுத்தவும் உதவும் கட்டுப்பாட்டு வலைப்பின்னலில் இணைப்பு மொத்தத்தில் குறைந்திருந்தது. செய்தித்தாளில் ‘போன் மூளையை மாற்றுகிறது’ என்று வந்தது இதுதான்.

ஆனால் போனால் இணைப்பு குறைந்ததா, இணைப்பு குறைவாக இருந்த பிள்ளை போனில் போய் விழுந்தானா? ஒருமுறை எடுத்த படம் இதற்குப் பதில் சொல்லாது. ஏற்கெனவே மனச்சோர்வோ கவனக்குறைவுக் கோளாறோ இருக்கும் பிள்ளை, வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை, வீட்டில் பேச ஆள் இல்லாத பிள்ளை போனில் ஒதுங்குவது மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. 237 என்பதும் சிறிய எண்ணிக்கை. ஜூஜுவாடிப் பக்கம் ஒரு பள்ளியின் காலைப் பிரார்த்தனைக்கு இதைவிட அதிகம் பேர் நிற்பார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் 3,55,358 பதின்ம வயதினரின் தகவல்களை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் ஏற்ற இறக்கத்தில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு முடிச்சுப்போட முடிந்தது. அதே தகவல்களில் உருளைக்கிழங்கு அடிக்கடி சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தொடர்பு தெரிந்தது. கேலிக்கு ஆளாவதும் போதுமான தூக்கம் இல்லாததும் அதைவிடப் பல மடங்கு கனமாக இருந்தன. இதை வைத்துப் போன் நிரபராதி என்று நான் தீர்ப்பு எழுதமாட்டேன். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்த சராசரி அது. மூழ்கிப்போன ஒரு பிள்ளையின் கதை சராசரியில் கரைந்துவிடும். ஆனால் தூக்கமும் துணையும் இல்லாத இடத்தில் போனை மட்டும் பிடித்து உலுக்குவதில் பிரயோசனமில்லை என்பது என் கட்சி. மூளையில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க லண்டன் வரை போகிறோம். வீட்டில் மாலை 5 மணிக்கு யார் இருக்கிறார்கள் என்பது தெருவிலேயே தெரியும்.

பக்குவம் கெடும் இடங்கள்

கீழே உள்ளவை நடந்தால் 238-வது மூளை கைநழுவும். எச்சரிக்கையாக இருக்கவும்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற ஊர் 2022-இல் ஒரு காரியம் செய்தது. தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும். உடனே ஊர் முழுக்க டிவியும் போனும் அணைய வேண்டும். 8.30-க்கு மறுபடி ஊதும் வரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இதில் விஷமமான பகுதி, பெரியவர்களும் அணைக்க வேண்டும் என்பதுதான். சங்குக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, கம்பெனிக்குக் கம்பெனி ஊதுகிறது. எட்டு மணி நேரம் முடிந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லும் சங்கைக் கேட்டு யாருக்காவது இந்த யோசனை வந்துவிடப் போகிறது.

வெவ்வேறு ஷிஃப்டுக்குப் போகும் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, இந்த வாரம் மாலையில் உன் வீட்டில், அடுத்த வாரம் என் வீட்டில் என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் இரண்டாம் படி முழுவதும் பாழ். ராத்திரி 10 மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும், அப்பாவுடையது உட்பட, சமையல் மூலையில் சார்ஜ் ஏறினால் நான்காம் படி பாழ். “என்னடா கேம் இது, எனக்கும் சொல்லிக் குடு” என்று ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், அவன் உங்களை விசித்திரமாகப் பார்ப்பான், பிறகு சொல்லிக்கொடுப்பான். பேச்சு ஆரம்பித்துவிட்டால் அதன் பிறகு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பதின்ம வயது மூளைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. கெடுவதற்கு எவ்வளவு வேகமோ, கற்றுக்கொள்வதற்கும் அவ்வளவு வேகம். போட்ட பாதையை மாற்றிப் போட்டுக்கொள்ளும் வயது அது. போஸ்டிங் வரப்போகும் ஆளுக்குப் பயிற்சி கொடுக்க யாராவது பக்கத்தில் இருந்தால், 25 வயது வரை காத்திருக்காமல் அவர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

கடைசி ஆபத்து நம் சாலையிலேயே இருக்கிறது. ஜூஜுவாடியைத் தாண்டிப் போகும் இதே ஓசூர் சாலையில், அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா என்று சுமார் 30 கிலோமீட்டர் போனால் பெங்களூரு நிம்ஹான்ஸ். மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் நாட்டின் தலையாய மருத்துவமனை. தொழில்நுட்பத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்காகவே ‘ஷட் கிளினிக்’ என்று 2014-இல் டாக்டர் மனோஜ் குமார் சர்மா அங்கே ஒரு பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி அது. அங்கே போனைப் பிடுங்குவதில்லை. பிள்ளை எப்படித் தூங்குகிறான், யாரோடு பேசுகிறான், எதிலிருந்து தப்பிக்கப் போனுக்குள் போகிறான் என்று கேட்டு, வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோவும் வந்துவிட்டதால் சில்க் போர்டு நெரிசலைச் சாக்குச் சொல்லவும் முடியாது. நிம்ஹான்ஸில் ஒரு மூளை அருங்காட்சியகம் உண்டு. உண்மையான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். 1.3 கிலோ இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், போன் இல்லாமலே வாயைப் பிளப்பார்கள்.

அவ்வளவு தூரம் போக விடுப்பு கிடைக்காதவர்கள் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் கிடையாது. தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் பேசலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள் என்பதால் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தும் கூப்பிடலாம்.